எந்த ஊர்?

ரயிலில் நம்மவர் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தால், வண்டி தாம்பரம் தாண்டுவதற்குள் ஒருவர் கேட்டுவிடுவார்: "சாருக்கு எந்த ஊரு?" 'சென்னை' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. "அது சரி, சொந்த ஊரு?" என்று அடுத்த கேள்வி வரும்.

அவருக்குத் தேவை உங்கள் விலாசமல்ல. நீங்கள் யாருடைய ஆள் என்று தெரியவேண்டும். 'ஊருக்குப் போறேன்' என்றால் அது மண். 'ஊரே கூடிடுச்சு' என்றால் மனிதர்கள். மண்ணையும் மனிதர்களையும் ஒரே வார்த்தையில் முடிந்து வைத்திருக்கிறோம். அது பாட்டுக்கு இருக்கிறது, நாமும் யோசித்ததில்லை.

பசிபிக் சமுத்திரத்தின் நடுவே துவாலு என்று ஒரு தேசம். அங்கேயும் இதே மாதிரி ஒரு வார்த்தை உண்டு: ஃபெனுவா. தீவு என்றும் அர்த்தம்; அந்தத் தீவின் ஜனங்கள் என்றும் அர்த்தம். இந்த வாரம் அந்த வார்த்தைக்கு வந்திருக்கும் சோதனையைப் பற்றிப் பேசலாம் என்று இருக்கிறேன். நான் அங்கே போனதில்லை. போவதும் சுலபமில்லை, ஃபிஜியிலிருந்து வாரத்துக்குச் சில விமானங்கள், அவ்வளவுதான். ஆனால் அட்லஸில் ஆஸ்திரேலியாவுக்கும் ஹவாய்க்கும் நடுவே அந்தப் புள்ளிகளைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அவை என்னை விடவில்லை.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். துவாலுவின் மொத்த நிலப்பரப்பு 26 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சி 426. அதாவது சென்னைக்குள் பதினாறு துவாலு வைக்கலாம். ஜனத்தொகை சுமார் பத்தாயிரத்துச் சொச்சம். மொத்த தேசத்தையும் சேப்பாக்கம் மைதானத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தால் மூன்றில் ஒரு பங்கு கூட நிறையாது. ஆனால் அவர்களுக்குச் சொந்தமான கடல் ஏழு லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். அதில் சூரை மீன் பிடிக்க வரும் வெளிநாட்டுக் கப்பல்கள் கட்டும் லைசென்ஸ் பணம்தான் கஜானாவுக்குப் பெரிய வரவு.

இன்னொரு வரவு வேடிக்கையானது. இன்டர்நெட்டில் ஒவ்வொரு தேசத்துக்கும் இரண்டெழுத்து விலாசம் கொடுத்தபோது, இந்தியாவுக்கு 'இன்' கிடைத்த மாதிரி, துவாலுவுக்கு 'டிவி' கிடைத்தது. உலகத்தில் உள்ள டெலிவிஷன்காரர்கள் எல்லாம் அந்த வாலுக்கு ஆசைப்பட்டார்கள். 2000-ல் ஒரு கம்பெனிக்கு அதைக் குத்தகைக்கு விட்டார்கள். அந்தப் பணம் வந்த கையோடு ஐ.நா. சபையில் சேர்ந்து 189-வது உறுப்பினர் ஆனார்கள். எழுத்தை வாடகைக்கு விட்டு ஐ.நா.வில் நாற்காலி வாங்கிய தேசம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

துவாலு என்றால் 'சேர்ந்து நிற்கும் எட்டு' என்று பொருள். எண்ணிப் பார்த்தால் தீவுகள் ஒன்பது. ஒன்பதாவதான நியூலாகிடாவில் அந்தக் காலத்தில் நிரந்தரமாக யாரும் குடியிருக்கவில்லை, பிற்பாடு வேறு தீவிலிருந்து போய்க் குடியேறினார்கள். ஆகவே பெயரில் எட்டுதான் கணக்கு. கவனித்தீர்களா? மண்ணை எண்ணவில்லை; ஆள் இருக்கும் ஊரை எண்ணிப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

தலைநகரம் ஃபுனாஃபுட்டி. தேசத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இங்கேதான். 'தீவு' என்றதும் கடல் நடுவே ஒரு மேடு, மேட்டில் நாலு தென்னை மரம் என்று கற்பனை செய்வோம். அப்படி இல்லை. சாப்பிட்டு மிச்சம் வைத்த முறுக்கைத் தண்ணீரில் மிதக்க விட்ட மாதிரி, ஒரு பெரிய வளையம், ஆங்காங்கே உடைந்திருக்கும். வளையத்துக்கு வெளியே ஆழக் கடல். உள்ளே அமைதியான, ஆழம் குறைந்த காயல். வளையத்தின் மேல் விளிம்பு கடலுக்கு மேலே தலைகாட்டும் இடத்தில்தான் வீடு, சர்ச், ஸ்கூல், பாங்க் எல்லாம். முக்கியத் துண்டான ஃபொங்காஃபாலேயின் மிக அகலமான இடமே சுமார் 400 மீட்டர். சில இடங்களில் நடு ரோட்டில் நின்றால் இரண்டு பக்கமும் கடல் தெரியும்.

இந்த வளையம் எப்படி வந்தது? நம் சார்லஸ் டார்வின்தான் சொன்னார். பரிணாம டார்வினேதான்; அதற்கு முன்னால் அவர் பவளப்பாறை டார்வின். 1842-ல் எழுதிய புத்தகத்தில் அவர் சொன்னது இது: கடலில் ஓர் எரிமலை முளைக்கிறது. அதன் கரையைச் சுற்றிப் பவளப் பூச்சிகள் கூடு கட்டுகின்றன. எரிமலை லட்சக்கணக்கான வருஷங்களில் தன் பாரத்தில் மெல்ல அமிழ்கிறது. பவளத்துக்கு வெயில் வேண்டும். அதனால் அது செத்த தலைமுறையின் கூட்டின்மேல் புதுக் கூடு கட்டி மேலே மேலே வருகிறது. கடைசியில் மலை மூழ்கிப்போய், அதைச் சுற்றியிருந்த வேலி மட்டும் வளையமாக நிற்கிறது. தோண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும், எவனாவது ஒரு கோடீஸ்வரன் துளை போட்டுப் பார்க்க மாட்டானா என்று சாவதற்கு முந்தைய வருஷம் ஒரு நண்பருக்கு எழுதினார் டார்வின்.

கோடீஸ்வரன் வரவில்லை, லண்டன் ராயல் சொசைட்டி வந்தது. துளை போட அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் இதே ஃபுனாஃபுட்டி. 1896, 97, 98 என்று மூன்று வருஷம் அடுத்தடுத்து வந்து மல்லுக்கட்டினார்கள். 1,114 அடி ஆழம் போனார்கள். அவ்வளவு ஆழத்திலும் பவளச் சுண்ணாம்புதான் வந்தது. எரிமலைக் கல் தட்டுப்படவில்லை. ஆகவே வழக்கு முடியவில்லை. 1952-ல் மார்ஷல் தீவுகளில் அமெரிக்கர்கள் ஹைட்ரஜன் குண்டு வெடித்துப் பார்ப்பதற்கு முன்னால் அங்கே துளையிட்டார்கள். 1,200 மீட்டருக்கும் கீழே எரிமலைப் பாறை அகப்பட்டது. டார்வின் ஜெயித்தார், செத்து எழுபது வருஷம் கழித்து.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், துவாலுவை 'மூழ்கும் தேசம்' என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. வாஸ்தவத்தில் அது ஏற்கெனவே ஒரு தடவை மூழ்கிய தேசம். மலை போய்விட்டது. மலையைவிட நிதானமாக, மலையைவிடப் பிடிவாதமாக ஒரு சின்னஞ்சிறு பூச்சி மேலே வந்து கொண்டிருந்ததால்தான் நிலம் என்று ஒன்று இருக்கிறது.

பாறைக்கு மேலே இருக்கும் மணலும் அப்படித்தான். நம் ஆற்று மணல் மலையிலிருந்து வருகிறது. துவாலுவில் ஆறும் இல்லை, மலையும் இல்லை. மணல் முழுக்க உயிர்களிடமிருந்து வருகிறது. ஃபோராமினிஃபெரா என்று ஒரு செல் பிராணி. ரவை அளவில் ஓடு கட்டிக்கொண்டு வாழ்ந்து, செத்தபின் ஓட்டை விட்டுவிட்டுப் போகும். அந்த ரவைதான் கரை மணலில் பெரும் பங்கு. மிச்சம் உடைந்த பவளம், சிப்பி. அப்புறம் கிளி மாதிரி அலகுள்ள ஒரு மீன்; இங்கிலீஷிலும் அதைக் கிளி மீன் என்றுதான் சொல்கிறார்கள். அது பாறையைக் கொறித்து, மேலே படிந்த பாசியை ஜீரணித்து, சுண்ணாம்பை மணலாகக் கழிக்கும். ஆக அந்தத் தேசத்தின் புனித மண்ணில் ஒரு பகுதி மீன் எச்சம். சிரிக்காதீர்கள். அந்த மீன் இல்லாவிட்டால் கொடி நட இடமில்லை.

1972 அக்டோபரில் பெபே என்ற புயல் ஃபுனாஃபுட்டியில் அநேகமாக எல்லா வீடுகளையும் அடித்துக்கொண்டு போனது. ஆனால் போகிற போக்கில் ஆழத்திலிருந்து உடைந்த பவளக் கற்களை வாரிக் கரையோரம் சுமார் 18 கிலோமீட்டர் நீளத்துக்கு, சில இடங்களில் இரண்டு ஆள் உயரத்துக்கு, ஒரு கரை கட்டிவிட்டுப் போனது. வீட்டை எடுத்துக்கொண்டு நிலத்தைக் கொடுத்த புயல்!

இப்போது உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும். இவ்வளவு சாமர்த்தியமான தீவு ஏன் மூழ்க வேண்டும்? நியாயமான சந்தேகம். 2018-ல் ஆக்லாந்து பல்கலைக்கழகத்துக்காரர்கள் பழைய வான் புகைப்படங்களையும் சாட்டிலைட் படங்களையும் வைத்து, 1971 முதல் 2014 வரை துவாலுவின் 101 திட்டுகளை அளந்தார்கள். கடல் மட்டம் உயர்ந்தும், மொத்தப் பரப்பு குறையவில்லை, 2.9 சதவீதம் கூடியிருந்தது. சிலது தேய்ந்தது, பெரும்பாலானவை சற்றே வளர்ந்தன. 'பார்த்தீர்களா, மூழ்கவில்லையாம்!' என்று சிலர் குதித்தார்கள். அப்போதைய பிரதமர் எனேலே சோபோவாங்காவுக்குக் கோபம். பரப்பை அளந்தீர்கள், அதில் வாழ முடியுமா என்று அளந்தீர்களா என்பது அவர் கட்சி.

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். தீவு அசையும், நெளியும், ஒரு பக்கம் தேய்ந்து மறுபக்கம் வளரும். வீடும் கிணறும் அப்படி நெளியாது. அதுவுமல்லாமல், பவளம் மேலே வரும் வேகத்துக்கு ஓர் அளவு உண்டு. கடல் அதைவிட வேகமாக உயர்ந்தால்? போதாக்குறைக்கு, தண்ணீர் சூடானால் பவளம் வெளுத்துச் சாகிறது. 2023-ல் நாசா சொன்ன கணக்குப்படி துவாலுவைச் சுற்றியுள்ள கடல் முப்பது வருஷத்தில் சுமார் 15 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. 2050 வாக்கில் நிலத்தின் பெரும்பகுதி சராசரி ஓத மட்டத்துக்குக் கீழே போய்விடும் என்கிறார்கள்.

ஆனால் ஜனங்களுக்கு அபாயம் அலையாக வருவதற்கு முன்னால் தண்ணீராக வருகிறது. குடிதண்ணீராக.

ஆறு, குளம், ஏரி எதுவும் கிடையாது. மழை பெய்தால் கூரையிலிருந்து தொட்டிக்குப் பிடித்துக்கொள்ள வேண்டும். மிச்ச மழை மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரின்மேல் எண்ணெய் மாதிரி மெல்லிசாக மிதக்கும். சென்னையில் கடலோரம் போர் போட்டவர்களுக்கு இது தெரிந்த சங்கதி: அளவோடு எடுத்தால் நல்ல தண்ணீர், பேராசைப்பட்டால் உப்பு. அங்கே கடல் மட்டம் ஏறினால் பேராசையே தேவையில்லை. மாசி வாக்கில் பெரிய ஓதம் வரும்போது கடல் கரையைத் தாண்டி வருவதோடு, நிலத்துக்குள்ளிருந்தும் கொப்பளித்துக்கொண்டு மேலே வரும். முழுக்கத் துளை போட்ட சுண்ணாம்புத் தரை; எந்தச் சுவர் கட்டி அதைத் தடுப்பது?

2011-ல் மாசக்கணக்கில் மழை பொய்த்து, ஃபுனாஃபுட்டியில் ஒரு குடும்பத்துக்கு நாளைக்கு இரண்டு பக்கெட் தண்ணீர் என்று ரேஷன் வைத்தார்கள். குழந்தை குட்டியோடு முழுக் குடும்பத்துக்கும் இரண்டு பக்கெட். சுற்றிலும் பசிபிக்!

அந்த மெல்லிசான நல்ல தண்ணீரை நம்பித்தான் அவர்கள் விவசாயமே இருந்தது. புலாகா என்று ஒரு கிழங்கு. நம் சேப்பங்கிழங்குக்குப் பெரியப்பா முறை. இலை ஆள் உயரத்துக்கு வரும். தண்ணீர் தட்டும்வரை பவளத் தரையைக் குழி தோண்டி, அதில் தழையும் சருகும் போட்டு மக்க வைத்து, மண்ணே இல்லாத இடத்தில் மண் தயாரித்து இதை நடுவார்கள். குழிகள் தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்துக்குச் சொந்தம். எந்தத் தழை, எப்போது, எவ்வளவு என்பது குடும்ப ரகசியம். நம் வீட்டில் பாட்டியின் சாம்பார்ப் பொடி அளவு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது பல குழிகளில் உப்பு ஏறிவிட்டது. கடையில் வெளிநாட்டு அரிசி வாங்குகிறார்கள்.

தென்னையில் பாளையைச் சீவி, காலையும் மாலையும் இறக்கும் சாற்றுக்குக் கலேவே என்று பெயர். புளிக்காமல் குடிப்பார்கள், காய்ச்சிப் பாகாக்கியும் வைத்துக்கொள்வார்கள். பாளையை எப்படிச் சீவ வேண்டும் என்று திருச்செந்தூர்ப் பக்கத்து ஆசாமி ஒருவரை அங்கே கொண்டு விட்டால், மொழி தெரியாமலே மரத்தடியில் ஒரு மணி நேரம் வாதாடுவார்.

சரி, போய்விடலாமா? எங்கே?

போவது அவர்களுக்குப் புதிதல்ல. 1863-ல் பெரு தேசத்து அடிமைக் கப்பல்கள் வந்து, ஃபுனாஃபுட்டியிலும் நுகுலாயிலாயிலும் நூற்றுக்கணக்கானவர்களை ஏமாற்றி ஏற்றிக்கொண்டு போயின. திரும்பி வந்தவர்கள் அநேகமாக இல்லை. 1940-களில் வைடுப்பு தீவுக்காரர்கள் வேறு விதமாகப் போனார்கள்: ஃபிஜியில் கியோவா என்ற தீவைக் காசு கொடுத்து வாங்கி, 1947-ல் ஒரு கூட்டமாகப் போய்க் குடியேறினார்கள். அவர்களுக்கு ஃபிஜி குடியுரிமை கிடைக்க 2005 வரை ஆனது. இன்றைக்கும் கியோவாவில் பேசுவது துவாலு மொழி. பேரன் பேத்திகள் ஆடுவது ஃபாடேலே நடனம்.

மூன்றாவது பயணம் இப்போது. 2023 நவம்பரில் ஆஸ்திரேலியாவும் துவாலுவும் ஓர் ஒப்பந்தம் போட்டன. பெயர் ஃபலேபிலி. அடுத்த வீட்டுக்காரனைச் சொந்த வீட்டு ஆள் மாதிரி பார்த்துக்கொள்வது என்று அந்த வார்த்தைக்கு அர்த்தம். வருஷத்துக்கு 280 பேர் வரை ஆஸ்திரேலியாவில் குடியேறலாம். வேலை பார்க்கலாம், படிக்கலாம், இஷ்டப்பட்டால் திரும்பிப் போய் வரலாம். பதிலுக்கு, பாதுகாப்பு விஷயத்தில் துவாலு வேறு யாரோடும் ஒப்பந்தம் செய்வதானால் ஆஸ்திரேலியாவும் ஒத்துக்கொள்ள வேண்டும். அடுத்த வீட்டுப் பாசத்திலும் ஒரு ஷரத்து உண்டு.

யாருக்கு விசா என்பது குலுக்கலில். 2025 ஜூன், ஜூலையில் முதல் குலுக்கலுக்குப் பெயர் கொடுத்தவர்கள், குடும்பத்தினரையும் சேர்த்து 8,750 பேர். பத்தாயிரத்துச் சொச்சம் பேரில் 8,750! வருஷத்துக்கு 280 என்றால் இன்றைக்கு இருப்பவர்கள் எல்லோரும் போய்ச்சேர 38 வருஷம் ஆகும். கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போவாரா? கணக்கு போட்ட அன்றைக்கு இந்த நினைப்பு வந்து, அப்புறம் எனக்கு வேலை ஓடவில்லை.

உடனே 'தேசமே ஓடிப்போக க்யூவில் நிற்கிறது' என்று செய்தி போட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் வீட்டில் பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுத்து வைப்பதில்லையா? எடுத்தவரெல்லாம் போய்விடுவதில்லை. போனவரெல்லாம் ஊரை மறந்துவிடுவதும் இல்லை.

துவாலு அரசாங்கமும் சும்மா இல்லை. 2021 நவம்பரில் க்ளாஸ்கோ பருவநிலை மாநாட்டுக்கு அப்போதைய வெளியுறவு மந்திரி சைமன் கோஃபே ஒரு வீடியோ அனுப்பினார். மேலே கோட்டு, டை. முழங்கால் வரை கடல். உலகமே பார்த்தது. 2023-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி எழுதினார்கள்: நிலம் இழந்தாலும் துவாலு என்ற தேசம் என்றென்றைக்கும் இருக்கும். 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றமும், தேசமாக ஒரு தடவை அமைந்தபின் அதன் அம்சங்களில் ஒன்று மறைந்துவிட்டால் மட்டுமே தேசம் இல்லாமல் போய்விடாது என்கிற மாதிரி கருத்துச் சொல்லியிருக்கிறது. இன்னொரு பக்கம், காயலிலிருந்து மணலை எடுத்துக் கரையோரம் கொட்டி, ஃபுனாஃபுட்டியில் 7 ஹெக்டேருக்கு மேல் புது நிலம் உயர்த்திவிட்டார்கள். 2025 ஏப்ரலில் தேசத்தின் முதல் ஏ.டி.எம். வந்தது. மூழ்கப் போகிறவன் ஏ.டி.எம். வைப்பானா சொல்லுங்கள்.

சட்டத்துக்கு இது சுலபமாக இருக்கிறது. மண்ணைத் தனியாக, மனிதரைத் தனியாகப் பிரித்து, இரண்டுக்கும் தனித்தனிப் பத்திரம் எழுதிவிடும். மண் போனாலும் தேசம் உண்டு என்று ஒரு பத்திரம். மனிதருக்கு வேறு இடம் என்று இன்னொன்று. ஃபெனுவா என்ற வார்த்தைக்குத்தான் அப்படிப் பிரியத் தெரியாது. கியோவாவில் எழுபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் பிரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால், பின்னால் வைடுப்பு என்ற நிஜத் தீவு இன்னும் இருக்கிறது. போக முடிகிறதோ இல்லையோ, அங்கே இருக்கிறது என்ற தைரியம். அது இல்லாமலே ஓர் ஊரைச் சொந்த ஊர் என்று சொல்லிக்கொண்டு எத்தனை தலைமுறை தாக்குப்பிடிக்கும்? இதுவரை எந்தத் தேசமும் இந்தப் பரீட்சையை எழுதியதில்லை.

கடைசியாக ஒன்று. 1943-ல் யுத்தத்துக்காக அமெரிக்கர்கள் ஃபுனாஃபுட்டியின் அகலமான பகுதியில் தென்னைகளையும் புலாகா குழிகளையும் அழித்து ஒரு விமான ஓடுபாதை போட்டார்கள். சுமார் ஒன்றரை கிலோமீட்டர். அங்கே போய்வந்தவர்கள் அநேகமாக எல்லோரும் எழுதும் காட்சி இது: வெயில் தாழ்ந்ததும் ஊர் முழுக்க ஓடுபாதைக்கு வந்துவிடுகிறது. பையன்கள் ரக்பி, பெண்கள் வாலிபால், கிழவர்கள் காற்று வாங்க, புழுக்கமான ராத்திரிகளில் சிலர் பாயைக் கொண்டுவந்து அங்கேயே படுத்துக்கொள்வார்கள். விமானம் வரும் நேரத்தில் மட்டும் சைரன் ஊதும். பந்தை எடுத்துக்கொண்டு எல்லோரும் ஓரத்துக்குப் போவார்கள். விமானம் இறங்கும், சிலர் ஏறுவார்கள், கிளம்பும். மறுபடி ஆட்டம்.

அந்த விமானத்தில் விசாவோடு ஏறும் ஒருவரைப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நான் சந்தித்தால், கேட்கத்தான் போகிறேன், பழக்க தோஷம்: "சாருக்கு எந்த ஊரு?"

அவர் தன் தீவின் பெயரைச் சொல்வார். மெல்போர்னில் பிறக்கப்போகும் அவருடைய பேத்தியிடம் யாராவது இதையே கேட்டால், அவளும் அதே பெயரைச் சொல்ல வேண்டும். சொல்லும்போது அந்தப் பெயரில் ஒரு தென்னை மரமாவது நிற்க வேண்டும்.